தம்பியின் சைக்கிளில் இருந்த ஆட்டம்

மூத்தவன் நான் இருக்க, இளையவனுக்கு நினைவு மலர் போடுகிறோம். முறை தப்பிய காரியம். ஆனாலும் தம்பியைப் பற்றி எழுத என்னைவிடத் தகுந்த ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எழுத்துப் பிழையைப் பிள்ளைகள் திருத்தியிருப்பார்கள். சொல்லெல்லாம் என்னுடையது.

தோவாளைக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் பிறந்தோம். அப்பாவுக்குச் சொந்த நிலம் இல்லை, பாட்டத்துக்கு எடுத்த வயல்தான். அப்பா கண்மூடியபோது தம்பிக்குப் பால்பல் விழுந்து முடியவில்லை. நான் வடசேரியில் ஒரு சைக்கிள் கடைக்குப் பஞ்சர் ஒட்டப் போனேன். அன்று கிரீஸ் துடைத்த இந்தக் கையில்தான் இன்று அதே வடசேரியில் மூன்று கடைகளின் சாவி இருக்கிறது. என்னை யாரும் தூக்கிவிடவில்லை, நானாக எழுந்தேன். இதை நானே சொன்னால்தான் உண்டு.

வளர்ந்தபின் தம்பியையும் கடைக்கு அழைத்தேன். வர மாட்டேன் என்றுவிட்டான். அண்ணனிடம் சம்பளம் வாங்கினால் அண்ணன் முதலாளி ஆகிவிடுவான், பிறகு அண்ணனுக்கு எங்கே போவேன் என்று அம்மாவிடம் சொன்னானாம். நான் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்த சைக்கிளில் பூ மூட்டை கட்டி, விடியுமுன் தோவாளைச் சந்தைக்கு மிதித்தே பிழைத்தான். கணவாயிலிருந்து இறங்கும் ஆடிக் காற்றை எதிர்த்து மிதித்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். தண்ணீர் தெளித்துப் பூவின் எடையைக் கூட்டுகிறவர்கள் உண்டு. தம்பி அதைச் செய்ததில்லை.

அந்தச் சைக்கிளை வேறு எந்தக் கடையிலும் விடமாட்டான். ஆனால் தானே கைவைத்துக் கெடுப்பான். இரண்டு பெடல் கட்டைகளையும் தாங்கி நடுவில் சுழலும் அச்சைக் கடைக்காரர்கள் பி.பி. என்போம். ஒருமுறை அதில் ஆட்டம் கண்டுவிட்டது என்று தானே அச்சைப் பிடித்திருக்கும் வலப்பக்கக் கப்பை முறுக்கினான். முறுக்க முறுக்க இளகி, பால்ரஸ் என்கிற இரும்புக் குண்டுகள் எல்லாம் முற்றத்தில் சிதறிவிட்டன. பால்ரஸைத் துண்டில் பொதிந்துகொண்டு, சைக்கிளை வடசேரிக்கு உருட்டியே வந்தான்.

"ஏலே, வலப்பக்கம் எதிர்ப்பிரியாக்கும். எல்லாரும் முறுக்குத பக்கம் முறுக்குனா இளகத்தான் செய்யும்" என்றேன்.

"அப்போ அது ஒன்ன மாதிரிதான்" என்றான்.

கடைப் பையன்கள் எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியான என்னை அப்படிச் சொல்ல அவன் ஒருவனுக்குத்தான் தைரியம். இப்போது யாரும் இல்லை.

சர்க்கரை நோய் முதலில் தம்பியின் பார்வையைக் கொண்டுபோனது. பிறகு ஆளையே முன்னறைக் கட்டிலில் கிடத்தியது. அவன் மகள் தோவாளையில் ஒரு பூ வியாபாரியிடம் வேலைக்குப் போனாள், அதே சைக்கிளில். அந்தச் சாலையில் கல் ஏற்றிய லாரிகள் ஓயாது. தம்பிக்குத் தன் உயிரைப் பற்றிய பயம் விட்டுப்போயிருந்தது, மகள் பத்திரமாகத் திரும்பி வரவேண்டுமே என்பது ஒன்றே பயம்.

ஒருநாள் சந்தைக்குப் போனவன் அந்தச் சைக்கிளைப் பார்த்தேன். பி.பி.யில் மறுபடியும் ஆட்டம். மிதிக்க மிதிக்கச் சுற்றுக்கு ஒருதரம் டக், டக் என்று அடித்தது. என் பையில் எப்போதும் ஸ்பேனர் உண்டு. அங்கேயே உட்கார்ந்து கப்பை முறுக்கி, அது இளகாமல் லாக் ரிங்கைப் பூட்டி, பெடல் கட்டையை ஆட்டிப் பார்த்தேன். இம்மியும் அசையவில்லை. பிறகு தம்பி வீட்டுக்குப் போய், ஒரு நல்ல வேலை செய்திருக்கிறேன், சாயங்காலம் தெரியும் என்றேன்.

பொழுது சாயும் நேரம் நான் அடுக்களையில் கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். மகள் பின்வாசல் வழியே வந்து கால் கழுவி, என்னோடும் அவள் அம்மாவோடும் பேசிக்கொண்டு நின்றாள். முன்னறையில் ஏதோ விழுந்த சத்தம். ஓடினோம். தம்பி நிலைப்படியில் கிடந்தான். நெற்றியில் ரத்தம்.

"லாரி போற சத்தம் கேக்குது. சைக்கிள் வரல்லியே. பிள்ள வரல்லியே" என்றான்.

தான் வந்து வெகுநேரமாயிற்று என்று மகள் அழுதாள். அவன் அவள் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தான். பி.பி.யின் ஆட்டத்தை எடுத்துவிட்டேன், இனி பத்து வருடத்துக்குச் சத்தம் வராது என்று அப்போதும் நான் பெருமையாகத்தான் சொன்னேன்.

"அண்ணே, நீ எடுத்தது ஆட்டம் இல்ல. எனக்க கண்ணாக்கும்."

"ஆட்டத்தோட ஓட்டுனா பால்ரஸ் தேஞ்சு போவும்லே."

"நான் போறது வரைக்கும் தாங்காதா?"

முற்றத்தில் உட்கார்ந்து லாக் ரிங்கை இளக்கி, கப்பைக் கால் திருப்பு பின்னால் எடுத்தேன். மகள் முற்றத்தைச் சுற்றி ஓட்டிக் காட்டினாள். டக், டக். கட்டிலிலிருந்து, "இப்போ செரி" என்றான். எத்தனை ஆயிரம் சைக்கிள்களில் ஆட்டம் எடுத்த கை இது. ஆட்டம் வைத்தது அந்த ஒன்றில்தான். அதன்பிறகு அந்திக்கு அந்தி, வளைவிலேயே சத்தத்தைப் பிடித்து, "பிள்ள வந்துட்டா" என்பான். அதற்குப் பிறகே கஞ்சி குடிப்பான்.

பால்ரஸ் தாங்கியது. தம்பிதான் தாங்கவில்லை. ஒரு மத்தியானம் அடங்கிவிட்டான். மகளை, அப்பாவுக்குச் சுகமில்லை, வா என்று மட்டும் சொல்லி அழைத்தோம். வாசல் நிறைய ஆட்கள். வளைவில் டக், டக் என்று கேட்டதும் எல்லாரும் பேச்சை நிறுத்தினோம். சொல்லவேண்டிய ஆள் சொல்லவில்லை.

நோய்க் காலத்தில் தூக்கவும் துடைக்கவும் கைகொடுத்த அண்டை வீட்டார், நேரம் பாராமல் வந்து பார்த்த மருத்துவர், தோள் கொடுத்த சொந்தங்கள், கேளாமலே மாலைகளோடு வந்து நின்ற தோவாளைப் பூ வியாபாரிகள் எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. நான் சுலபமாக யாருக்கும் கைகூப்புகிறவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

இந்த மலர் அச்சுக்குப் போகும் முன் தம்பி மகள் அந்தச் சைக்கிளை என் கடைக்குக் கொண்டுவந்தாள்.

"இனி முறுக்கீருங்க பெரியப்பா. கேக்கதுக்கு ஆளில்லல்லா" என்றாள்.

கடையில் வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். யாரையும் தொட விடவில்லை, நானே முறுக்கினேன். இப்போது சத்தமே இல்லை.