குளவி வேடம் போட்ட வண்டு

எம்.எஸ்சி. விலங்கியலில் ஆளுக்கொரு பூச்சிப்பெட்டி ஒப்படைக்க வேண்டும். பூச்சி பிடிக்கக் குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு எங்களை வேனில் கூட்டிப் போனார்கள். மறுநாள் பூச்சிப் படம் வரையும் செய்முறைத் தேர்வு. என்னோடு சேர்ந்து தேடியவள் குளச்சல்காரி. அப்பா கடலுக்குப் போகிறவர். அவள் வரைந்த படத்தை மேடம் தூக்கி வகுப்புக்கே காட்டுவார். என் படத்தைப் பார்த்தால், "இது என்ன, கத்தரிக்காயா?" என்பார். எனக்கு வயிறு எரியும். அவளோ என்னை உயிர்த்தோழி என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெட்டி அடுக்கிய ரப்பர் தடிகள்மேல் மஞ்சள் வரிபோட்ட ஒன்று விறுவிறுவென்று ஓடியது.

"அய்யோ, கடந்தல்" என்று குளவிக்குப் பயந்து அவள் நாலடி பின்னால் குதித்தாள்.

நான் அதை இரண்டு விரலால் எடுத்து உள்ளங்கையில் ஓடவிட்டேன். குளவி வேடம் போட்ட வண்டு. குருவிகளை ஏய்க்கத்தான் அந்த வரியும் அந்த ஓட்டமும். அதற்குக் கொட்டத் தெரியாது. முதுகில் இரண்டு கெட்டி ஓடுகள் இருக்கும், இடுப்பு ஒடுங்காது. இந்த அடையாளத்தை நான் அவளுக்குச் சொல்லவில்லை. "கடல்கரைப் பிள்ளைக்கு மீன்தான் தெரியும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் குதித்ததை ஒருத்தி போனில் எடுத்து வகுப்பு வாட்ஸ்அப்பில் போட்டாள். அவளும் சிரித்தாள், ஆனால் முகம் செத்துப்போயிருந்தது.

அரை மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டாள்.

"மக்கா, இதும் அந்த வண்டுதானே?"

அவள் காட்டியது கூடு கட்டுவதற்காகத் தடியைச் சுரண்டிக்கொண்டிருந்தது. இடுப்பு நூலாக ஒடுங்கியிருந்தது. நன்றாகத்தான் பார்த்தேன்.

"ஆமாட்டி. பயப்படாம பிடி."

வலது கையால் பொத்திப் பிடித்தாள். விடுவதற்குள் மூன்று முறை கொட்டிவிட்டது. திரும்பும் வழியெல்லாம் கை பணியாரம்போல வீங்கிக்கொண்டே வந்தது. மேடம் என்னைத் திட்டத் தொடங்கியதும் அவள் குறுக்கே பேசினாள்.

"அவளுக்கும் தெரியாது மேடம். அவளும் ஏமாந்துட்டா."

நான் தலையாட்டினேன்.

மறுநாள் தேர்வில் அவளால் பென்சிலைப் பிடிக்க முடியவில்லை. இடது கையால் நாலு கோடு இழுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். பிறகு, சீவி வைத்திருந்த தன் பென்சில்களை என் பக்கம் தள்ளினாள்.

"நீயாவது நல்லா வரை, மக்கா."

அவற்றால்தான் வரைந்தேன். முதல் மதிப்பெண் எனக்கு.