தவிட்டு மணம்

பாரிஸில், லா சப்பல் தமிழ் மரக்கறிக் கடையில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு தாய், கைக்குழந்தையோடும் மூன்று வயது மகளோடும். கடைக்கார அண்ணை ஃபோனில் படம் பிடித்தபடி மகளிடம் சொன்னார்:

"உனக்குத் தம்பி வந்திட்டான். அம்மா உன்னை எங்களுக்குத் தந்திட்டா. இனி நீ இஞ்சைதான்."

பிள்ளையின் உதடு நடுங்கியது.

"பாருங்கோ, இப்ப அழப் போறா" என்றார் எங்களிடம்.

எல்லோரும் சிரித்தார்கள். தாயும்தான்.

சின்ன வயதில் ஊரில் பெரியப்பா வெற்றிலை வாயோடு, "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினது" என்பார். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கண் கலங்கினால் தொடையில் தட்டிச் சிரிப்பார். சிவந்த எச்சில் என் சட்டையில் தெறிக்கும். நான் மாட்டுக்கொட்டிலுக்கு ஓடி, தவிட்டு வாளியை மணந்துவிட்டு, என் கையிலும் அதே வாசம் வருகிறதா என்று மணந்து பார்ப்பேன்.

இந்தப் பிள்ளை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தது. என் முகத்துக்கு வந்தபோதுதான் தெரிந்தது, கூச்சத்தில் நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணை, பொய்யெண்டு சொல்லுங்கோ" என்றேன். குரல் உடைந்துவிட்டது.

அவர் ஃபோனை என் பக்கம் திருப்பினார். "பகிடிக்குத்தானே அக்கா. பாருங்கோ, இப்ப அக்காவும் அழப் போறா."

மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை.