கடற்கரைக்குக் கொண்டுபோன சவர்க்காரம்

எனக்கு இப்போது எண்பத்து மூன்று வயது. வளர்த்தது ஐந்து பிள்ளைகள். நான்கு நான் பெற்றவை, ஒன்று எங்கள் வெள்ளைக்காரத் தொரையின் சம்சாரம் தொரசானி பெற்றது. ஐந்தும் நல்லபடியாக நிற்கின்றன, அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. இதைச் சொல்ல உட்கார்ந்ததும் கண்ணில் வந்து நிற்பது ஒரு சவர்க்காரக் கட்டி. சிவப்பு நிறம், பாதி தேய்ந்தது. இங்கிலாந்துக் கடற்கரையில் ஒரு வாரம் அதைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

இலங்கை மலைநாட்டில், ரிவர்ஸ்டனுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொரை பங்களாவில் நான் ஆயா. சுதந்திரம் கிடைத்துச் சில வருஷத்தில் தொரை காய்ச்சலில் இறந்துபோனார். தொரசானி தன் நாலு வயதுப் பிள்ளை பாபாவோடு தன் தாய் வீட்டுக்குக் கப்பலேறினார். பாபா என் கையால்தான் தின்னும், என் பக்கத்தில்தான் தூங்கும். அதனால் குளிர்காலம் முடியும்வரை என்று சொல்லி என்னையும் கூட்டிப் போனார். எனக்கு அப்போது ஒரே மகள், இரண்டரை வயது. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் மாமியாரிடம் விட்டுவிட்டுப் போனேன். தோட்டத் தமிழர் எங்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை இல்லாத காலம். கைநாட்டு வைத்து வாங்கிய ஒரு தாள்தான் என்னிடம் இருந்தது. பங்குனிக்குள் திரும்பாவிட்டால் அது செல்லாது, பிறகு உள்ளே விடமாட்டார்கள் என்று தோட்டத்துக் கிளாக்கர் ஐயா சொல்லி அனுப்பியிருந்தார்.

தாய் வீடு கடலைப் பார்த்து இருந்தது. தை மாதத்தில் ஒரு வாரம் முழுக்க, காலைச் சாப்பாடு முடிந்ததும் தொரசானி கடலோரம் நடக்கப் புறப்படுவார். மணல் இல்லை, எல்லாம் கூழாங்கல். கடல் சாம்பல் கரைத்த தண்ணீர் போல இருக்கும். தோட்டத்து வழக்கப்படி நான் இரண்டடி பின்னால் போவேன். முதல் நாளே திரும்பி நின்று, "பின்னால வந்தா காத்துல ஒன்னும் கேக்காது, பக்கத்துல வா" என்றார். பக்கத்தில் போனேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

என்னை எப்போது ஊருக்கு அனுப்புவார் என்ற ஒரே பேச்சுக்குத்தான் நான் காத்திருந்தேன். நடக்கத் தொடங்கியதற்கு முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் அவருடைய தாய் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. தகப்பன் இல்லாத பிள்ளையிடமிருந்து ஆயாவையும் பிடுங்காதே, அவள் இங்கேயே இருக்கட்டும் என்றார் அந்த அம்மா. தொரசானி என்ன முடிவு செய்தார் என்று எனக்குத் தெரியவில்லை. நானாகக் கேட்பது ஆயாவுக்கு வழக்கமில்லை. நாலு நாள் அப்படியே நடந்தோம்.

ஐந்தாம் நாள் தூறல். பாதை கடலை விட்டு ஒரு புல் மேட்டில் ஏறியது. ஈரப் புல்லைக் கண்டதும் நான் குந்தி உட்கார்ந்து, சவர்க்காரத்தை எடுத்துப் பாபாவின் காலில் பூசத் தொடங்கிவிட்டேன்.

"என்ன பண்ற ஆயா?"

"அட்டை ஏறுங்க தொரசானி, சவுக்காரம் பூசினா ஏறாது. பாபாவுக்கு முட்டியெல்லாம் தெரியுதுல்ல."

தொரை இறந்த பிறகு அன்றுதான் அவர் சிரித்தார். "இந்த நாட்டுல குளிரத் தவிர ஒன்னும் கடிக்காது, போ."

"கை பழகிப்போச்சுங்க. எம் புள்ளைக்கும் பூசித்தான் லயத்த விட்டு எறக்குவேன்."

சிரிப்பு நின்றது. "இப்ப அவளுக்கு யாரு பூசுறது?"

"தெரியலைங்க" என்றேன். பாபாவின் மற்றக் காலை இழுத்துப் பூசினேன்.

அன்று இரவுச் சாப்பாட்டைப் பாபாவுக்கு அவரே ஊட்டினார். பிள்ளை என்னைக் கேட்டு வீரிட்டது, தட்டைத் தள்ளியது. நான் எழுந்தபோது உட்காரச் சொல்லிக் கை காட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் ஊட்டினார். மறுநாளும் அப்படித்தான். ஏழாம் நாள் புல் மேட்டுக்கு வந்ததும் என்னிடம் கையை நீட்டினார்.

"சவுக்காரத்தக் குடு. நான் பழகணும். அடுத்த கப்பல்ல ஒன்ன அனுப்புறேன்."

அட்டையே இல்லாத ஊரில், அந்த ஈரத்தில் முழங்கால் போட்டு, பாபாவின் பூட்ஸைக் கழற்றி இரண்டு காலிலும் விரலிடுக்கு விடாமல் பூசினார். பிறகு கட்டியை ஒரு கல்லில் தட்டி இரண்டாக உடைத்து, பெரிய துண்டை எனக்குத் தந்தார். தன் பிள்ளை அழும் என்று தெரிந்தே என் பிள்ளையிடம் என்னை அனுப்பியவர் அவர். அவரை நினைக்காமல் நான் விளக்கேற்றியதில்லை.

பங்குனி பிறக்குமுன் லயத்துக்கு வந்து சேர்ந்தேன். மகளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கணுக்காலில் மூன்று அட்டைக்கடித் தழும்பு. நான் அந்தச் சவர்க்காரத் துண்டை எடுத்துப் பூசினேன். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. என் மற்ற மூன்று பிள்ளைகளும் அதன் பிறகு பிறந்தவை.

அந்த மகளின் மகள்தான் நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறாள். எங்கே, எழுதினதை வாசி புள்ள. தொரசானி சவர்க்காரத்துக்குக் கை நீட்டுகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் மெதுவாக வாசி.