செபமாலையின் ஆன்ம இளைப்பாற்றிக்காக

ஆடி மாதத்தின் கடைசி ஞாயிறன்று, தன்னுடைய ஆன்மா இளைப்பாற வேண்டுமென்று தானே மன்றாடும் பாக்கியம் செபமாலைக்குக் கிடைத்தது. உலகத்தில் எத்தனை பேருக்கு அது வாய்க்கும்?

புதுப் பாதர் குருநகர்ப் பங்குக்கு வந்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. பூசை தொடங்குமுன், கந்தோரில் எழுதி வைத்திருந்த கடதாசியை எடுத்து அன்றைய பூசைக் கருத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தார். முதலாவது ஒரு நன்றிப் பூசை. அடுத்தது யாரோ ஒருவரின் முழங்கால் வருத்தம் சுகமாக வேண்டி. மூன்றாவது: "கனடாவில் வாழும் ரசிகர்கள் கேட்டுக்கொண்டபடி, பாடகி ஜெசிதாவின் அன்புத் தகப்பனார், கடலில் மறைந்த செபமாலையின் ஆன்ம இளைப்பாற்றிக்காக."

பெண்கள் பக்கத்தில் யாரோ இருமினார்கள். ஆண்கள் பக்கத்தில் நாலைந்து பேர் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார்கள். ஐந்தாவது வாங்கின் ஓரத்தில், வெள்ளைச் சேட்டும் சாரமுமாக நல்ல சுகத்தோடு இருந்த செபமாலை, எல்லாரோடும் சேர்ந்து "ஆமென்" என்றார். கோவிலில் ஆமென் சொல்லாமல் இருந்து அவருக்குப் பழக்கமில்லை.

பூசை முடிந்து வாசலில் நின்ற பாதர் அவருடைய கையைப் பிடித்து விசாரித்தார். "உங்களை எனக்கு இன்னும் அறிமுகமில்லை. பேர் என்ன?"

"நான்தான் பாதர், அந்த ஆன்மா."

பாதருக்கு முகம் வெளிறிப்போனது. செபமாலை அவரைத் தேற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். தன் சாவுக்காகப் பிறரைத் தேற்றுவதில் மூன்று வருடப் பழக்கம் அவருக்கு உண்டு.

செபமாலை நண்டு வலை போடுகிற மனிதர். வயது ஐம்பத்தாறு. ஒரு சொல் போதுமான இடத்தில் அரைச் சொல்லோடு நிறுத்திக்கொள்வார். குடி இல்லை, சண்டை இல்லை, கடன்கார முகம் இல்லை. இப்படிப்பட்ட ஆளை ஊரே கூடிச் சாகடித்தது எப்படி என்று கேட்டால், அது ஒரே ஒரு தலையாட்டலில் நடந்தது.

அவருடைய மகள் ஜெசிதா பத்தொன்பது வயதில் சென்னைக்குப் போனாள். அங்கே ஒரு தொலைக்காட்சியின் பாட்டுப் போட்டி. கோவில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடிய பிள்ளை. அவள் வாய் திறந்தால் பின்னால் நிற்பவர்கள் பாட்டை மறந்து கேட்டுக்கொண்டு நிற்பார்கள். போட்டிக்காரர்கள் ஒவ்வொருவரையும், மனதுக்கு நெருக்கமான ஒருவரின் படத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். ஜெசிதா தன் சித்தப்பா லியோனின் படத்தைக் கொண்டு போனாள். செபமாலையின் தம்பி லியோன். நாலு வயதுப் பிள்ளையை மீன் பெட்டிக்கு மேலே ஏற்றி நிறுத்தி, "பாடடி என்ரை ராசாத்தி" என்று முதன்முதல் பாட வைத்தவன் அவன்தான். அதே வருடம் ஆவணியில், சண்டைக் காலத்தில், கடலுக்குப் போனான். படகு கரைக்கு வந்தது. அவன் வரவில்லை.

மேடையில் ஜெசிதா பாடி முடித்தபோது பின்னாலிருந்த பெரிய திரையில் லியோனின் படம் வந்தது. கடலில் போனவர், திரும்பி வரவில்லை என்று அவள் சொன்னாள். அது உண்மை. நடுவராக இருந்த அம்மையார் அதற்குள் கண்ணைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். சபை முழுக்க எழுந்து நின்றது. "அப்பாவாம்மா?" என்று நடுவர் விம்மிக்கொண்டே கேட்டார். விளக்கெல்லாம் முகத்தில் அடிக்க, இத்தனை பெரிய மனிதர்கள் தனக்காக அழுகிறார்களே என்ற திகைப்பில், ஜெசிதா தலையை ஆட்டிவிட்டாள்.

அதைக் குருநகரில் செபமாலையின் வீட்டிலேயே இருபது பேர் கூடியிருந்து பார்த்தார்கள். இருபது பேரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவருடைய மனைவி யோசப்பின், தன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். செபமாலை தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "பயத்திலை ஆட்டிப்போட்டாள். விடுங்கோ, பிள்ளை வெல்லட்டும்" என்றார். அவர் சொன்ன மிக நீளமான பேச்சுகளில் அது ஒன்று.

அன்று இரவு ஜெசிதா தொலைபேசியில் ஏங்கி ஏங்கி அழுதாள். அடுத்த சுற்றில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றாள். ஆனால் அடுத்த சுற்றுக்குள், தகப்பனைக் கடலுக்குக் கொடுத்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்று உலகம் முழுக்க அவளுக்கு வாக்குப் போடத் தொடங்கியிருந்தது. பிறகு எங்கே சொல்வது?

குருநகர் அந்தப் பொய்யைத் தன் பொய்யாகவே எடுத்துக்கொண்டது. தகப்பன் உயிரோடு இருக்கிறார் என்று வட்டுக்கோட்டைப் பக்கத்து ஆள் ஒருவர் முகநூலில் எழுதியபோது, எங்கள் பெடியள் ஐம்பது பேர் பாய்ந்து, செத்த மனிதரைப் பற்றி அவதூறு பேசாதே என்று அவரை ஓட ஓட விரட்டினார்கள். மீன் சந்தையில் மட்டும் செபமாலைக்கு விடுதலை கிடைக்கவில்லை. "என்ன செபமாலை அண்ணை, மோட்சத்திலை நண்டு என்ன விலை போகுது?" என்று கேட்காத ஆளில்லை.

இறுதிச் சுற்றுக்கு முன் படப்பிடிப்புக்காரர்கள் வீட்டுக்கு வருகிறார்கள் என்று செய்தி வந்தது. செபமாலையின் சாரங்கள், செருப்பு, சவரக் கத்தி எல்லாம் அயல் வீட்டுக்குப் போயின. செபமாலை சாவகச்சேரிக்குப் போனார். அங்கே நடராசா என்ற கூட்டாளி. தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது இவர்களைத் தன் வளவுக்குள் வைத்திருந்த மனிதர். மூன்று நாளும் அங்கே பருப்பும் கீரையும்தான். மீன் இல்லாமல் சோறு இறங்காத செபமாலை கடைசியில் வாயைத் திறந்து கேட்டே விட்டார்.

"செத்த வீட்டிலை மச்சம் காய்ச்சுறதில்லை, தெரியாதோ?" என்றார் நடராசா. இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

குருநகர் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. லியோனின் படத்துக்குக் கீழே யோசப்பினை இருத்தி, விளக்கை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்த படப்பிடிப்புப் பெண், "அம்மா, அந்தத் தாலியை மட்டும் கொஞ்சம் கழட்டிடறீங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். யோசப்பின் எழும்பிவிட்டாள். "அது மட்டும் நடவாது. வேணுமெண்டால் படம் எடுக்காமல் போங்கோ" என்றாள். கடைசியில் கோவிலுக்குப் போடும் முக்காட்டைக் கழுத்துவரை இழுத்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஜெசிதா இரண்டாம் இடம் வந்தாள். முதலாம் இடம் வந்த பெடியனை இன்று யாருக்கும் ஞாபகமில்லை. கொஞ்சக் காலம் போட்டியில் பாடிய மற்றப் பிள்ளைகளோடு கூட்டமாக மேடை மேடையாகப் போனாள். பிறகு தனியே பாடத் தொடங்கினாள். சென்னை இசையமைப்பாளர் ஒருவர் அவளுக்கென்றே கடலில் போன அப்பாவைக் கூப்பிடுகிற பாட்டொன்றைச் செய்து கொடுத்தார். அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. குருநகர் ஓட்டோக்களில் அந்தப் பாட்டு, பருத்தித்துறை பஸ்ஸில் அந்தப் பாட்டு, பிறந்தநாள் வீட்டிலும் அந்தப் பாட்டு. லண்டன், பாரிஸ், ரொறன்ரோ என்று தனிக் கச்சேரிகள். தலைமயிரின் நுனியில் செம்பு நிறம் பூசியிருந்தாள். அது அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது. செபமாலை அந்தப் பாட்டை முதன்முதல் கேட்டது வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது. கேட்டுவிட்டு அழுதார். தன் சாவுக்குத் தானே அழுதவர் என்ற பெயரும் அவருக்கே கிடைத்தது.

இத்தனையையும் அவர் தாங்கினார். தாங்க முடியாமல் போனது ஒன்றே ஒன்று. போன வருடம் ஜெசிதா ஊருக்கு வந்தபோது பலாலி விமான நிலையத்தில் ரசிகர்கள் சூழ்ந்துகொண்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றவரைக் காட்டி, "இவர் ஆர், அக்கா?" என்று ஒரு பெட்டை கேட்டாள்.

"பெரியப்பா" என்றாள் ஜெசிதா.

படத்தில் இருக்கும் லியோன் அப்பாவானால், லியோனின் அண்ணன் பெரியப்பாதானே. கணக்குச் சரி. ரசிகர்கள் எடுத்த படத்துக்குச் செபமாலை சிரித்தார். வீட்டுக்கு வந்து பைப்படியில் கால் கழுவத் தொடங்கியவர், கழுவிக் கழுவி நின்றார். பெற்ற பிள்ளை நாலு பேருக்கு முன்னால் அப்பா என்று கூப்பிட வேண்டுமென்று ஆசைப்படுவது பெரிய பேராசையா? அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. யோசப்பினிடம்கூடச் சொல்லவில்லை.

தன் பெயருக்குப் பூசை வாசித்த அந்த ஞாயிறு மத்தியானம்தான் செபமாலை முதன்முறையாகத் தானாகவே, மகளுக்கு அழைப்பு எடுக்கும்படி யோசப்பினிடம் சொன்னார். ஜெசிதா கொழும்பில் இருந்தாள். யாழ்ப்பாணத்தில் அவளுடைய முதல் தனிக் கச்சேரிக்கு இன்னும் மூன்று கிழமை. மருதனார்மடச் சந்தியில்கூட அவளுடைய பெரிய படம் ஏறியிருந்தது.

"அப்பா, அது எனக்குத் தெரியாமல் குடுத்திருக்கினம்" என்றாள் அவள் எடுத்த எடுப்பில். "நான் கதைச்சு நிப்பாட்டிறன்."

"எனக்குப் பூசை சொன்னதாலை நான் சாகமாட்டன், பிள்ளை. லியோனுக்குப் பூசை சொல்லி மூண்டு வருசம்."

"ஏன், நீங்கள் குடுக்கேல்லையோ?"

"எப்பிடிக் குடுக்கிறது? கடலிலை போன லியோன் எண்டு வாசிச்சால், அப்ப படத்திலை இருக்கிறது ஆர் எண்டு ஒருத்தன் கேட்டிடுவான். உனக்காண்டி நான் பொய்ச் சாவு செத்தன். அது என்ரை விருப்பம். அவன் உண்மையாய்ச் செத்தவன். அவனைப் பேரில்லாமல் ஆக்கிப்போட்டம்."

மறுமுனையில் ஜெசிதா, "இப்ப சொன்னால் என்னைக் கள்ளி எண்டுவினம், அப்பா. அந்தப் பாட்டை நான் பிறகு எந்த முகத்தோடை பாடிறது?" என்று மிகச் சின்னக் குரலில் கேட்டாள்.

"அது எனக்குத் தெரியாது, பிள்ளை." போனை யோசப்பினிடம் கொடுத்துவிட்டு அவர் வெளியே போனார். மகளை வதைத்துவிட்டோமோ என்ற கவலை அவரை அதற்குப் பிறகு விடவேயில்லை. பெரியப்பா என்ற சொல்லைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

கச்சேரிக்கு முதல் நாள் ஜெசிதா வந்தாள். நண்டுக் குழம்பைக் கையால் அள்ளிச் சாப்பிட்டாள், தாய்க்குச் சங்கிலி மாட்டிவிட்டாள், தகப்பனுக்கு ஒரு புதுச் சேட்டு எடுத்து வந்திருந்தாள். பூசையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. செபமாலையும் கேட்கவில்லை. கச்சேரி நடக்கும் ஞாயிறு லியோனின் ஆண்டு நாள் என்பது இருவருக்குமே தெரியும்.

மறுநாள் காலை கோவிலில் இடமில்லை. ஜெசிதா வருகிறாள் என்று கேள்விப்பட்டு நாலு ஊரிலிருந்து சனம் வந்திருந்தது. யூரியூப்காரர்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றார்கள். அவள் முக்காடு போட்டுத் தாயோடு பெண்கள் பக்கத்தில் இருந்தாள். செபமாலை வழக்கமான ஐந்தாவது வாங்கில், புதுச் சேட்டோடு.

பாதர் கடதாசியை எடுத்தார்.

"பதினெட்டு வருடத்துக்கு முதல் இதே நாளில் கடலில் மறைந்த லியோனின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. கேட்பவர், லியோனின் அண்ணன் செபமாலையின் மகள், லியோனின் பெறாமகள், ஜெசிதா."

உடன்பிறந்தவனின் பிள்ளைதான் பெறாமகள். அது விளங்காத ஆள் அந்தக் கோவிலுக்குள் இல்லை. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழும்பி, பாதர் தலையை நிமிர்த்திப் பார்த்த பிறகுதான் அடங்கியது. செபமாலை கண்ணாடியைக் கழற்றி வாங்கில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஆமென் சொல்ல மறந்தே போனார்.

பூசை முடிந்ததும் போன்களெல்லாம் ஜெசிதாவை வாசலில் வளைத்துக்கொண்டன. "அக்கா, அப்ப படத்திலை இருக்கிறது உங்கடை சித்தப்பாவோ?" "இவ்வளவு நாளும் சொன்னது பொய்யோ?" "அப்ப உங்கடை அப்பா எங்கை?" கேள்வி கேள்வியாக வந்து விழுந்தது. ஜெசிதா ஒவ்வொரு போனாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மேடை விளக்கில் தலையாட்டிய அன்றைய முகமேதான். பின்னேரக் கச்சேரிக்குச் சனம் வருமா, வந்தால் கைதட்டுமா கூக்குரல் போடுமா என்று அவளுக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது.

செபமாலை கூட்டத்தைப் பார்த்தார். மகளிடம் போகத்தான் திரும்பினார். ஆனாலும் கால், மூன்று வருடப் பழக்கத்தில், கமராவில் விழாமல் சுவரோரமாக விலகி வெளிப் படலையை நோக்கித்தான் நடந்தது.

"அப்பா!"

அவர் நின்றார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜெசிதா இரண்டடி முன்னுக்கு வந்திருந்தாள். கையில் அவருடைய கண்ணாடி. ஆண்கள் பக்கம் போய் வாங்கிலிருந்து எப்போது எடுத்தாளோ தெரியாது.

"அப்பா, கண்ணாடியை விட்டிட்டுப் போறியள்" என்றாள். வீட்டுக்குள் சொல்வதுபோலத்தான் சொன்னாள், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி.

போன்கள் அத்தனையும் அவர் பக்கம் திரும்பின. செபமாலை புதுச் சேட்டை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டு, எல்லாருக்கும் நடுவால் நேரே நடந்து வந்து கையை நீட்டினார்.

"ஓம், பிள்ளை" என்றார்.