மேசையைத் தூக்கிக்கொண்டு போனவள்

தங்கையின் மேசையைக்கூட விட்டுவைக்காமல் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள் என்று மாடி வீட்டுக்காரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாளே, அவள் வாயை யார் கட்டுவது? போனது உண்மை. மேசை போனதும் உண்மை. தங்கையின் படிப்புக் கடனுக்குச் சல்லிக்காசு தராமல் போனாள் என்பதும் உண்மைதான். பொறாமைக்காரி என்கிறார்களா, அதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் ஓடினாள் என்று மட்டும் சொல்லக் கூடாது. பட்டப்பகலில் நடந்து போனாள்.

முடி வெட்டுகிறவள் என்பதால் தெருவில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். தங்கைக்குக் கணக்கு என்று பெயர். பள்ளிக்கூடம் முடித்த கையோடு கத்திரி அழகுக்கலை வகுப்புக்குப் பணம் கேட்டாள். சரக்கு வண்டி ஓட்டுகிற அப்பா சிரித்துவிட்டார்.

"முடி வெட்டறதுக்கு எந்த மடையனாவது கடன் வாங்குவானா?"

அவள் ஒரு பார்லரில் தரையில் விழுந்த முடியைக் கூட்டிக்கொண்டே, வெட்டுகிறவர்களின் கையைப் பார்த்துத் தொழிலைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சின்னவள் கல்லூரிக்குக் கேட்டபோது அதே அப்பா வங்கிக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கணக்குப் படித்தவளைக் கடைக்காரர்கள் போட்டி போட்டுக் கூப்பிட்டுக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள் என்பது அவர் நினைப்பு.

வீட்டில் இருந்த ஒரே மேசை ஜன்னலோரம் நகர்ந்து சின்னவளுடையதானது. நாள் முழுக்க நின்று வீங்கிய காலோடு கத்திரி வருவாள். சட்டைக் கழுத்துக்குள் குத்துகிற முடியைத் தட்டிக்கொண்டே, தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவாள். அம்மா அந்தப் பக்கம் பால் ஆற்றிக்கொண்டிருப்பாள்.

"சத்தம் போடாம சாப்பிடு. அவ யோசிக்கிறா."

"நானுந்தாம்மா யோசிக்கிறேன். எனக்கு யாரு பால் ஆத்துவா?"

வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா, "சின்னவ கணக்கு படிக்கிறா" என்பார். பெரியவளைக் கேட்டால், "அவ... வேலைக்குப் போறா" என்று இழுப்பார். அதைக்கூடக் கத்திரி பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. சின்னவள் பேனாவைக் கடித்துக்கொண்டே கிடப்பாள். விடை பிடிபட்டதும் தனக்குத் தானே சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கண்டால் அக்காவுக்கு வயிறு பற்றி எரியும். எத்தனை தலை வெட்டினாலும் அப்படி ஒரு சிரிப்பு அவளுக்கு வந்ததே இல்லை.

படிப்பு முடிந்தது. அப்பா சின்னவளைத் தெரிந்த துணிக்கடை முதலாளியிடம் பெருமையாக அழைத்துப் போனார். முதலாளி மாதக் கடைசி வரவு செலவை அவள் முன்னால் தள்ளினார். அவள் திருதிருவென்று முழித்தாள்.

"பற்றுன்னா எதுங்க? வந்ததா, போனதா?"

முதலாளி அப்பாவைப் பார்த்தார். "கணக்கு படிச்ச பொண்ணுன்னீங்களே?"

"கணக்குதாங்க படிச்சா!"

"அது வேற, இது வேறப்பா," என்றாள் மெதுவாக. அத்தனை வருஷமும் வீட்டில் எல்லோர் வாயிலும் ஒரே சொல்தான் புழங்கியது. அதற்குள் கணிதம், வரவு செலவு என்று இரண்டு இருப்பது அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியவில்லை.

கத்திரி சிரித்த சிரிப்பு தெருக்கோடிவரை கேட்டது. "கணக்குக்குக் கணக்கு வரலையாம்!" அன்றைக்கு அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

கடைசியில் சின்னவளுக்கு ஒரு டியூஷன் சென்டரில் வேலை கிடைத்தது. சம்பளம் அக்காவுடையதில் பாதி. வங்கித் தவணை அதில் முக்கால்வாசியை விழுங்கியது. அப்பா கத்திரியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"பெரியவளே, சொந்தமா கடை போடணும்னு சேத்து வச்சிருக்கியே, அதை பேங்க்ல கட்டிடலாம்மா. கடை எங்க ஓடிடப் போகுது?"

கூட்டிப் பெருக்கிச் சேர்த்த பணம். அவள் வாயைத் திறப்பதற்குள் மேசையிலிருந்து குரல் வந்தது.

"குடுக்காதேக்கா. அப்பா, அந்தப் பணத்தை என் கடன்ல போட்டா வட்டிதான் மிச்சம். கடையில போட்டா அது வளரும். என் தவணையை நானே கட்டிடறேன். பஸ்ஸுக்குத்தான் இடிக்குது, நடந்து போயிக்கறேன்."

"அப்போ உன் படிப்பு நஷ்டம்னு சொல்றியா?" என்றார் அப்பா.

"காசுன்னு பாத்தா இப்போதைக்கு நஷ்டந்தான். ஆனா திரும்பக் கேட்டாலும் இதையேதான் படிப்பேன்."

கத்திரிக்குப் பணம் தப்பியது. ஆனால் நெஞ்சு ஆறவில்லை. நஷ்டம் என்று தெரிந்தும் மறுபடி வேண்டும் என்று சொல்ல இவளுக்கு ஒன்று இருக்கிறதே! நல்லவள் என்ற பெயரையும் இவளே தட்டிக்கொண்டு போகிறாளே!

"அப்போ மேசை எனக்கு," என்றாள் வெடுக்கென்று. "கண்ணாடி வைக்க வேணும்."

அம்மா பதறினாள். சின்னவள் மேசையைத் தடவிப் பார்த்தாள்.

"எடுத்துக்கோக்கா. நான் தரையில உக்காந்துக்கறேன்."

கடைக்கு முன்பணம் கொடுத்த மறுநாள், அவள் துணிப்பெட்டியையும் மேசையையும் ஏற்ற வாசலில் வண்டி வந்து நின்றது. கத்திரி மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். மறுபக்கத்தைப் பிடித்தவள் தங்கைதான். மாடி வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாளே, அதை ஏன் சொல்வதில்லை? பலகை முழுக்கப் பேனாக் கிறுக்கல்.

"அழிச்சுத் தரட்டுமாக்கா?"

"ஒண்ணும் வேணாம். நிலையில இடிக்காம தூக்குடி."

கத்திரியின் கண் அந்தக் கிறுக்கல்களிலேயே இருந்தது. ஒன்றும் புரியவில்லை. வாசற்படியை முதலில் தாண்டியவள் அவள்தான்.