பாப்பாத்தி கழிக்க வேண்டிய நாட்கள்

மனைவியின் கருமாதி முடிந்த மறுநாள் காலையில் சின்னமுத்து வீட்டில் இல்லை. காட்டுக்குப் போயிருப்பார் என்று மகன் சசிகுமார் நினைத்தான். பக்கத்து வீட்டுக் கோகிலா வந்து சொன்னாள்.

"எம் புள்ளைய மில்லு பஸ் ஏத்தப் போனனுங்க. உங்கப்பா ஏறி உங்கம்மா உக்கார்ற சீட்டுலயே உக்காந்துக்கிட்டாரு. எறங்கச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரல."

சசிகுமார் பைக்கை எடுத்தான். கொண்டை ஊசி வளைவுகளில் வழக்கமான வேகத்தில்தான் இறங்கினான்.

பேளுக்குறிச்சிப் பக்கம் இருக்கும் அந்த நூல் மில்லில் அவன் அம்மா பாப்பாத்தி துப்புரவு வேலை பார்த்தாள். மெஷின்களுக்கு அடியில் சேரும் பஞ்சைக் கூட்டி அள்ள வேண்டும். மில்லுக்குப் போக ஆரம்பிக்கும்வரை அவளுக்குத் தெரிந்ததெல்லாம் காட்டு வேலை. அவர்கள் ஊரில் களை எடுக்கவும் கிழங்கு பிடுங்கவும் கூலி கிடையாது. இன்று உன் காட்டுக்கு நான் வந்தால் இன்னொரு நாள் என் காட்டுக்கு நீ வர வேண்டும். நாள் பாக்கி வைத்துவிட்டு ஒருவர் செத்துப் போனால், அவர் வீட்டிலிருந்து இன்னொருவர் போய் அந்த நாளைக் கழித்துவிட்டு வருவார்.

முதல் ஊரடங்கில் மில்லை மூடினார்கள். ஆனாலும் சம்பளம் வந்தது. ஓசூரில் இருந்த சசிகுமாருக்குப் போன் செய்தாள்.

"வேலைக்கே போவல கண்ணு. ஆரு காசோ தவறி நம்ம கணக்குல உழுந்திருக்குது."

"உன்னுதுதாம்மா. மூடியிருந்த நாளுக்கும் சம்பளம் குடுக்கச் சொல்லி உத்தரவு."

"ஆரு குடுக்கறா?"

"மில்லுதான்."

"அப்பச் செரி. தொறக்கட்டும், போயிக் கழிச்சுக்கறேன்."

கழிக்க வேண்டியதில்லை, அது உன் உரிமை என்று விளக்கினான். "செரி சாமி" என்றாள். மில் திறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளிலும் போனாள். அன்றைக்கு மில் பஸ் இல்லாததால் டவுன் பஸ் பிடித்தாள். சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே துடைப்பத்தைக் கொடுத்தார். எல்லாம் கழிந்த அன்று வீட்டில் கறி எடுத்தாள்.

அடுத்த வருடம் கொரோனா அலை திரும்ப வந்தபோது அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மில்லில் லீவு கொடுத்தார்கள். நாமக்கல்லில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். விரலில் மாட்டியிருந்த கருவியில் ஆக்சிஜன் எண் இறங்கிக்கொண்டே போனது. அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பதுதான் ஓசூரில் சசிகுமாரின் வேலை. கருவியைக் கழற்றித் தன் விரலில் மாட்டிப் பார்த்தான். சரியாகத்தான் காட்டியது.

அவள் சாமான்களைப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். அதிலிருந்த போனில் பேங்க் மெசேஜ் வந்திருந்தது. என்ன என்று சின்னமுத்து கேட்டார். "அம்மாவோட லீவுக்குச் சம்பளம் போட்டிருக்காங்க" என்றான்.

மில் கேட்டில் சசிகுமார் பைக்கை நிறுத்தியதும் வாட்ச்மேன் குழந்தைசாமி எழுந்து நின்றார். "நான் தடுத்துப் பாத்தனுங்க. எம் பொண்டாட்டி நாளைக் கழிக்க வந்திருக்கறேன், உடுய்யாங்கறாரு. ஒண்ணும் புரியல."

ஆபீஸில் பானுமதி மேடம் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு பேசினார். "லீவுச் சம்பளத்த யாரும் திருப்ப வேண்டியதில்லைன்னு சொல்லிட்டனுங்க தம்பி. கேக்கவே மாட்டேங்கறாரு. மெஷின் பக்கம் உடல. வாசலக் கூட்டட்டும்னு உட்டுட்டேன்."

சின்னமுத்து பஞ்சு குடோன் முன்னால் கூட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்கப்பா, போலாம். அது கடன் இல்லீங்க. காச்ச வந்தா எல்லாருக்கும் குடுக்கறது."

"நீ படிச்சவன், செரியாத்தான் சொல்லுவ கண்ணு." கை நிற்கவில்லை. "அவ ஒருத்தருக்கும் நாள் பாக்கி வெச்சவ இல்ல."

டீ குடித்துவிட்டுத் திரும்பிய பெண் ஒருத்தி நின்று பார்த்தாள். "ஏனுங், இதென்ன கூட்டறதா? பாப்பாத்தியக்கா மூலையில ஒரு பஞ்சு உடாது."

அவர் திரும்பிப் போய் மூலையைக் கூட்டினார்.

சசிகுமார் ஒரு பஞ்சுப் பொதியில் உட்கார்ந்தான். மதியம் அப்பா சோறு வாங்கிச் சாப்பிட்டார். அவனுக்குப் பசிக்கவில்லை. ஷிப்ட் முடிந்ததும் பானுமதி மேடம் வந்து சின்னமுத்துவிடம் ஒரு கவரைக் கொடுத்துவிட்டுப் போனார். கேட்டுக்கு வெளியே வந்துதான் அதைப் பிரித்தார்.

"என்ன கண்ணு இது?"

"இன்னைக்குக் கூலிங்க. வேலை வாங்கிட்டுச் சும்மா அனுப்பக் கூடாது. அது சட்டம்."

கவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப இன்னைக்கு நாளு கழியலயா?"

விளக்க வாயெடுத்தான். அவர் முகத்தைப் பார்த்தான். கவரை வாங்கிக்கொண்டு திரும்ப உள்ளே போனான்.

"இத வெச்சுக்கங்க மேடம். எங்கப்பாவுக்கு வேண்டாமாம்."

"ரூல்ஸ்ல அப்படி வாங்க முடியாதுங்களே."

"தெரியுதுங்க."

மேடம் டிராயரைத் திறந்து கவரை உள்ளே போட்டார்.

சின்னமுத்து நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்.

"கழிஞ்சிருச்சுங்கப்பா."

"ஒரு நாளு."

"ஒரு நாளு. நாளைக்கு நான் வாரேன். நீங்க ஊட்ல இருங்க."

"உனக்குக் கூட்டத் தெரியாது" என்றார்.

மில் பஸ் ஹார்ன் அடித்தது. அவர் போய்ப் பாப்பாத்தியின் சீட்டில் உட்கார்ந்தார்.