குவாட்டர் விலையும் ஓர் ஆட்டோவும்

புளியங்குடியிலிருந்து வரும் பேருந்தில் அம்மாவுக்கு மயக்கம் வருகிறது. சங்கரன்கோவிலில் இறங்கியதும் ஓர் ஆட்டோக்காரர் ஓடி வந்து, அவளைக் கைத்தாங்கலாக ஏற்றிக்கொள்கிறார். மதுக்கடை வாசலில் சாலையை அடைத்து நிற்கும் கூட்டத்தை ஹாரன் அடித்தே விலக்கி, ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார். குளுக்கோஸ் ஏறி அம்மா கண் திறக்கிறாள். நன்றி சொல்லி ஆட்டோக்காரரின் கைகளைப் பிடித்துக்கொள்கிறேன்.

“எனக்கு எதுக்கு அண்ணாச்சி நன்றி சொல்லுதிய? முன்னெல்லாம் சாயங்காலமானா பார்லதான் கெடப்பேன். கவர்மெண்டு குவாட்டர் வெலைய ஏத்துனப்ப வாய்க்கு வந்தபடி ஏசுனேன். கட்டுப்படியாகாமத்தான் குடிய விட்டேன். இல்லன்னா இன்னைக்கு அம்மாவுக்கு ஆட்டோ ஓட்ட நான் ஏது?”

கட்டிலில் படுத்தபடியே அம்மா அவரைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

“அந்த வெலைய இன்னும் கொஞ்சம் ஏத்தச் சொல்லுங்க, தம்பி.”